பலன் தராத ஆய்வுக்கும் ஒரு மேடை



மருத்துவப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வரங்கு எப்படி நடக்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். துறைக்கு வெளியே இருந்து வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன்பே அறிவிப்பு வெளியாகும். முதுநிலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் பேராசிரியர்களும் தங்கள் ஆய்வை ஒரு பக்கச் சுருக்கமாக எழுதி அனுப்புவார்கள். ஒரு குழு அவற்றைப் படித்து, சிலவற்றை மேடையில் வாசிக்கவும் சிலவற்றைக் கூடத்தில் போஸ்டராக வைக்கவும் தேர்ந்தெடுக்கும். வந்த சுருக்கங்கள் மலராக அச்சாகும், நடுவர்கள் பரிசு அறிவிப்பார்கள். பெரும்பாலான இளம் ஆய்வாளர்கள் முன்பின் தெரியாதவர்களின் கேள்விக்கு முதன்முதலில் பதில் சொல்வது இந்த அரங்கில்தான். அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. இந்த அரங்கு அந்த ஆண்டு நடந்த ஆராய்ச்சியின் முழு உருவத்தைக் காட்டுகிறதா என்பதே என் கேள்வி. காட்டவில்லை என்பது என் முடிவு. 'இந்தச் சிகிச்சையால் பலன் இல்லை' என்று கண்டுபிடித்த ஆய்வுக்கு, 'பலன் உண்டு' என்று கண்டுபிடித்த ஆய்வுக்குக் கிடைக்கும் அதே இடம் அங்கே கிடைக்க வேண்டும். கிடைக்காத வரை அந்த அரங்கு பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மருத்துவத்தில் பாதி உண்மையால் உயிர்கள் போகும். இதற்கான சான்றுகளை முதலில் வைக்கிறேன். எதிர்வாதங்களைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வரங்கில் யாரும் பொய் சொல்வதில்லை. அதனால்தான் இந்தப் பாதி உண்மையைக் கண்டுபிடிப்பது கடினம். நம் ஊர்களில் தேர்வு முடிவு வந்ததும் டியூஷன் சென்டர் வாசலில் பேனர் கட்டுவார்கள். அதில் உள்ள முகங்கள் எல்லாம் உண்மையானவை, மதிப்பெண்களும் உண்மையானவை. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் தவறினார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. ஆய்வரங்கின் மலரும் அப்படித்தான் உருவாகிறது. மருந்து கொடுத்த குழுவுக்கும் கொடுக்காத குழுவுக்கும் வேறுபாடு இல்லை என்று கணக்கு காட்டியதும், ஆய்வாளரே 'இதை யார் கேட்பார்கள்' என்று சுருக்கம் எழுதுவதை விட்டுவிடுகிறார். எழுதி அனுப்பினாலும் தேர்வுக் குழு அதைப் போஸ்டர் வரிசையின் கடைசியில் வைக்கிறது. பரிசு கிடைக்காது. அரங்கு முடிந்த பிறகு அதை முழுக் கட்டுரையாக்கும் உற்சாகமும் வழிகாட்டிக்கு இருக்காது. இப்படி வடிகட்டி வடிகட்டி எஞ்சுவதைத்தான் ஆராய்ச்சி என்று மற்றவர்கள் படிக்கிறார்கள்.

இந்த வடிகட்டலை அளந்து பார்த்திருக்கிறார்கள். மருத்துவ மாநாடுகளில் வாசிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கங்கள் பின்னர் முழுக் கட்டுரையாக வந்தனவா என்று தேடிய 425 ஆய்வறிக்கைகளை, மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 3,07,028 சுருக்கங்கள். அவற்றில் முழுக் கட்டுரையாக வெளிவந்தவை 37.3 சதவீதம் மட்டுமே. மருந்தின் பலனைச் சோதிப்பதில் மிக நம்பகமானது, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு. அந்த வகை ஆய்வுகளில்கூட 10-இல் 6 மட்டுமே கட்டுரையாகியிருந்தன. சாதகமான முடிவு சொன்ன சுருக்கங்கள் கட்டுரையாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. விடுபட்டவை தற்செயலாக விடுபட்டிருந்தால் பெரிய கவலை இல்லை, இருப்பதைக் கொண்டு முழுமையை ஊகித்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்து ஆய்வுகளே அதிகமாக விடுபடும்போது, மிஞ்சியவற்றை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் தவறான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். எந்தப் பலனும் இல்லாத ஒரு மருந்தை 20 இடங்களில் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நாம் ஏற்றுக்கொள்ளும் புள்ளியியல் அளவுகோலின்படி, அவற்றில் ஒன்று தற்செயலாகவே 'பலன் உண்டு' என்று சொல்லக்கூடும். மற்ற 19 பேரும் பேசாமல் இருந்தால், அந்த ஒருவர் சொல்வதே அறிவியல் ஆகிவிடும்.

இதன் விலை என்ன என்பதற்கு நன்றாகப் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வு இருக்கிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். அப்படிக் கெட்டவர்கள் பின்னர் திடீரென்று இறந்துபோவது அதிகமாக இருந்தது. ஆகவே துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்தைக் கொடுத்தால் இறப்பு குறையும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். கேட்பதற்கு முற்றிலும் நியாயமான தர்க்கம். 1980-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் லோர்கெய்னைடு என்ற மருந்தை 95 நோயாளிகளிடம் சோதித்தார்கள். துடிப்பு ஒழுங்கானது. ஆனால் மருந்து வாங்கிய 48 பேரில் 9 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை வாங்கிய 47 பேரில் இறந்தவர் ஒருவர். ஆய்வாளர்கள் இதைத் தற்செயல் என்று எண்ணினார்கள். வணிகக் காரணங்களுக்காக அந்த மருந்தும் கைவிடப்பட்டதால் ஆய்வை வெளியிடவில்லை. அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் இதற்கிடையே உலகெங்கும் பரவலாக எழுதிக்கொடுக்கப்பட்டன. அமெரிக்க அரசின் இதய ஆய்வு நிறுவனம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 1989-இல் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பின்னர் வந்த முழுக் கணக்கின்படி, என்கெய்னைடு அல்லது ஃபிளெக்கெய்னைடு வாங்கிய 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை வாங்கிய 743 பேரில் 26 பேர். காப்பாற்றும் என்று கொடுத்த மருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஆளைக் கொன்றிருந்தது. நாட்டிங்காம் ஆய்வாளர்கள் தங்கள் பழைய முடிவை 1993-இல் வெளியிட்டார்கள். வெளியிடாமல் விட்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு என்று கட்டுரையின் தலைப்பிலேயே குறிப்பிட்டார்கள். அந்த நேர்மை போற்றத்தக்கது. 95 பேர் கொண்ட ஆய்வு தனியாக எதையும் நிரூபித்திருக்காது என்பதும் உண்மைதான். ஆனாலும் 1980-லேயே அது ஏதாவது ஓர் அரங்கில் பேசப்பட்டிருந்தால், அந்த வகை மருந்துகளைத் தொடுவதற்கு முன் மருத்துவர்கள் ஒரு கணம் தயங்கியிருப்பார்கள். 1989 வரை அந்தத் தயக்கம் யாருக்கும் கிடைக்கவில்லை.

இன்னொரு சான்று மனச்சோர்வு மருந்துகளைப் பற்றியது. அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், தான் செய்த ஆய்வுகளை அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த அமைப்பின் ஆவணங்களையும் மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. 12 மருந்துகள், 74 ஆய்வுகள். அமைப்பின் மதிப்பீட்டில் 38 ஆய்வுகள் சாதகமானவை. அவற்றில் 37 வெளியாகியிருந்தன. சாதகமில்லாத அல்லது ஐயத்துக்குரிய ஆய்வுகள் 36. அவற்றில் 22 வெளியாகவே இல்லை. 11 ஆய்வுகள் முடிவு சாதகம் என்ற தொனியில் எழுதப்பட்டு வெளியாயின. உள்ளதை உள்ளபடி சொல்லி வெளியானவை 3. இதழ்களை மட்டுமே படித்த மனநல மருத்துவருக்கு ஏறத்தாழ எல்லா ஆய்வும் வெற்றி என்று தோன்றும். ஆவணங்களைப் படித்தவருக்குப் பாதிதான் வெற்றி என்று தெரியும். இரண்டு பேருமே மனசாட்சியோடு மருந்து எழுதுபவர்கள்தான். ஒருவருக்குத் தெரிய வேண்டியது தெரியவில்லை.

இதைக் கேட்டதும் 'மருந்துக் கம்பெனிகள் அப்படித்தான், பல்கலைக்கழகங்கள் வேறு' என்ற எண்ணம் எழுவது இயல்பு. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான மருந்துச் சோதனைகள் முடிந்து ஓராண்டுக்குள் முடிவைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு கடந்த 7,274 சோதனைகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சரிபார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். முடிவை ஏற்றியவை பாதிக்குச் சற்றுக் குறைவு. வணிக நிறுவனங்கள் நடத்தியவற்றில் 68.1 சதவீதம் விதியைப் பின்பற்றியிருந்தன. பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள் போன்ற வணிகம் சாராத அமைப்புகள் நடத்தியவற்றில் 11 சதவீதம்! கெட்ட எண்ணத்தால் நேர்ந்தது என்று இதைக் கொள்ளத் தேவையில்லை. கம்பெனியில் இதற்கென்றே ஒரு பிரிவும் சம்பளத்துக்கு ஆட்களும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வை நடத்திய மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார், வழிகாட்டிக்கு அடுத்த மாணவர் வந்துவிடுகிறார், கேட்பதற்கு ஆள் இல்லை. நம் நாட்டில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். எத்தனையோ நோயாளிகளிடம் இரத்தம் எடுத்து, கேள்வி கேட்டு, மாதக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதப்படும் அந்த ஆய்வேடுகளில் பெரும்பகுதி கல்லூரி நூலகத்தின் அலமாரியோடு நின்றுவிடுகிறது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 முதல் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்கிறார்கள். இவையெல்லாம் நல்ல முன்னேற்றங்கள். ஆனால் தொடக்கத்தைப் பதிவதில் காட்டும் கண்டிப்பை முடிவைச் சொல்ல வைப்பதில் நாம் இன்னும் காட்டவில்லை.

பலன் இல்லை என்ற முடிவை உரக்கச் சொல்லும் துணிவு தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் உலகக் காசநோய் மருத்துவத்தைத் திருப்பிப்போட்ட ஓர் ஆய்வு, வேறுபாடு இல்லை என்று சொன்ன ஆய்வுதான். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கிய மையம் அது. காசநோய்க்காரர் நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு கிடைக்கும் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் தங்கினால்தான் குணமாவார் என்பது அன்றைய உறுதியான நம்பிக்கை. சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானட்டோரியத்திலும் மற்றதை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் இடநெருக்கடியிலும் அரைகுறை உணவிலும் இருந்தவர்கள். 1959-இல் முடிவு வந்தது. சானட்டோரியத்தில் இருந்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் நன்மை இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை என்பது தொடர்ந்து தெரியவந்தது. இந்த 'இல்லை'களின் பயனைச் சற்று எண்ணிப் பாருங்கள். படுக்கை கிடைக்காமல் காத்திருந்த இலட்சக்கணக்கானவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்றாயிற்று. வருமானம் ஈட்டுபவரும் தாயும் குடும்பத்தைப் பிரிந்து போக வேண்டிய நிலை மாறியது. சானட்டோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வந்ததில் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதைவிடக் கடினமான சோதனை, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி விஷயத்தில் வந்தது. 1950-இல் பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் தொடங்கிய ஆய்வில் இந்தத் தடுப்பூசி சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு தந்தது. வேறு சில இடங்களில் மிகக் குறைந்த பலனே தெரிந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. சுமார் 2,80,000 பேருக்கு, பி.சி.ஜி. அல்லது அதைப் போலவே தோன்றும் வெற்று ஊசி குலுக்கல் முறையில் போடப்பட்டது. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஊர் ஊராகத் திரும்பத் திரும்பப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி சேகரித்தார்கள். நம்பிக்கை பெரும்பாலும் தடுப்பூசியின் பக்கம் இருந்தது. அரசுகளின் திட்டங்கள் அதன் மேல் கட்டப்பட்டிருந்தன. ஏழரை ஆண்டுப் பின்தொடரலுக்குப் பிறகு 1979-இல் வந்த முதல் அறிக்கை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பலன் தரவில்லை என்றது. ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. 15 ஆண்டுப் பின்தொடரலையும் முடித்து 1999-இல் மீண்டும் வெளியிட்டார்கள். அப்போதும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே முடிவு, சிறுவர்களிடம் மட்டும் சிறிதளவு தெரிந்தது. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் அடுத்த கேள்விகள் பிறந்தன. ஒரே ஊசி பிரிட்டனில் காப்பாற்றி, செங்கல்பட்டில் ஏன் காப்பாற்றவில்லை? வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் உறவினக் கிருமிகள் நம் உடலை முன்கூட்டியே பழக்கிவைத்து, ஊசியின் விளைவை மறைக்கின்றனவா? இன்று புதிய காசநோய்த் தடுப்பூசி தேடும் எவரும் அந்த முடிவைக் கணக்கில் கொள்ளாமல் ஓர் அடி வைக்க முடியாது. இவ்வளவு பெரிய 'இல்லை'யைச் சொல்லிய மாநிலத்தின் மருத்துவ மாணவர்கள், அதைத் தங்கள் பாரம்பரியமாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அண்மைக் காலத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. வயலில் வேலை செய்பவர்களுக்கு நெல் உமியோ இலையோ கண்ணில் பட்டுக் கருவிழியில் புண்ணாகி, அதில் பூஞ்சை பற்றிக்கொள்வது தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணும் துன்பம். பார்வையே போய்விடக்கூடும். நேட்டமைசின் என்ற பழைய கண்சொட்டு மருந்து இருந்தது. வோரிகோனசோல் என்ற புதிய மருந்து ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்தது. பல கண் மருத்துவர்களின் எதிர்பார்ப்பு அதன் பக்கம் சாய்ந்திருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டன. 2013-இல் வெளியான முடிவில் பழைய மருந்தே மேலானது என்று தெரிந்தது. புதியதைப் போட்டவர்களுக்குப் பார்வை குறைவாகவே மீண்டது, கருவிழி துளைபட்டதும் அதிகம். இந்த ஆய்வு அலமாரியில் தூங்கியிருந்தால் இன்று எத்தனை விவசாயிகளின் கண்ணில் எந்தச் சொட்டு விழுந்துகொண்டிருக்கும்?

இனி எதிர்வாதங்கள். நான் மிகவும் மதிக்கும் வாதம் இது: 'நீங்கள் சொல்லும் சென்னை, செங்கல்பட்டு, மதுரை ஆய்வுகள் பெரியவை, திட்டமிட்டு நடந்தவை. பல்கலைக்கழக அரங்குக்கு வரும் மாணவர் ஆய்வுகள் சிறியவை. 40 பேரை வைத்துச் செய்த ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை என்றால், மருந்து பயனற்றது என்று பொருளா, ஆய்வு போதவில்லை என்று பொருளா?' ஆய்வு போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் சரியான விடை. வேறுபாடு தெரியவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்தத் தெளிவோடு எழுதத்தான் மாணவருக்குக் கற்றுத்தர வேண்டும். தன் ஆய்வு எவ்வளவு பெரிய பலனை மறுக்கிறது, எவ்வளவு சிறிய பலனை மறுக்க அதற்குத் திராணியில்லை என்பதை எண்ணால் சொல்லும் முறை புள்ளியியலில் இருக்கிறது. மேலும் இந்த வாதம் இரு பக்கமும் வெட்டும். 40 பேரிடம் கிடைத்த 'பலன் உண்டு' என்ற முடிவும் அதே அளவு நடுக்கமானதுதான். அதற்கு மட்டும் நாம் மேடை தருகிறோம். சிறிய ஆய்வுகள் ஒன்றுசேர்ந்தால் பேசும் என்பதற்கும் சான்று உண்டு. குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையிலுள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் தேறும் என்பதை 1972-இல் நியூசிலாந்தில் ஓர் ஆய்வு காட்டியது. தொடர்ந்து வந்த ஆய்வுகளில் பல, தனித்தனியே பார்த்தால், உறுதியாக எதுவும் சொல்லாதவை. 1990-இல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது குழந்தை இறப்பு தெளிவாகக் குறைவது தெரிந்தது. காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள கோடுகள் அந்த ஆய்வுகளையே குறிக்கின்றன. தனியே ஒன்றும் சொல்லாத ஆய்வுகளை ஒதுக்கியிருந்தால் அந்தக் கூட்டுக்கணக்கு எப்படி நடந்திருக்கும்?

இரண்டாவது வாதம் பொது நம்பிக்கையைப் பற்றியது. 'மருந்து பலிக்கவில்லை, தடுப்பூசி காக்கவில்லை என்று பல்கலைக்கழகமே மேடை போட்டுச் சொன்னால், ஏற்கெனவே வதந்திகளுக்குக் காது கொடுக்கும் மக்கள் மருத்துவத்தையே நம்பாமல் போய்விட மாட்டார்களா?' இந்த அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் செங்கல்பட்டு அனுபவம் இதற்கு நேரான பதில். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று அறிவித்த பிறகும் பி.சி.ஜி. கைவிடப்படவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து அது காக்கிறது என்பதற்குத் தனிச் சான்றுகள் இருந்தன. ஆகவே பச்சிளம் குழந்தைகளுக்குப் போடுவது தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. எது எதைச் செய்யும், எது எதைச் செய்யாது என்று பிரித்துச் சொன்னதால் ஊசி பிழைத்தது. ஒளித்துவைத்து, பின்னர் வேறு யாரோ வெளிப்படுத்தியிருந்தால்தான் நம்பிக்கை நொறுங்கியிருக்கும்.

மூன்றாவது, நடைமுறை வாதம். நேரம் குறைவு, மேடை ஒன்று, இளைஞர்களை ஊக்கப்படுத்த வேண்டும், நிதி தருபவர்கள் நல்ல செய்தி கேட்கிறார்கள். நேரம் குறைவுதான். அந்தக் குறைந்த நேரத்தை யாருக்குத் தருவது என்பதை முடிவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கார்டெக்ஸ் என்ற ஆய்விதழ் 2013-இல் ஒரு புது முறையைத் தொடங்கியது. ஆய்வாளர் தன் கேள்வியையும் முறையையும் மட்டும் முதலில் அனுப்ப வேண்டும். அவை நன்றாக இருந்தால், முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்று இதழ் வாக்குக் கொடுக்கும். இப்போது பல இதழ்கள் இதைப் பின்பற்றுகின்றன. உளவியல் துறையில் இரண்டு வகைக் கட்டுரைகளையும் ஒப்பிட்டபோது, வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் ஆய்வாளரின் ஊகம் சரி என்றன, முன்வாக்குப் பெற்ற கட்டுரைகளில் 44 சதவீதம்தான் அப்படிக் கூறின. மருத்துவத்திலும் இதே போக்குத்தான். அமெரிக்க இதய ஆய்வு நிறுவனம் நிதி தந்த 55 பெரிய சோதனைகளைப் பார்த்தவர்கள், 2000-க்கு முன் வெளியான 30-இல் 17 வெற்றி என்றும், அதற்குப் பின் வெளியான 25-இல் 2 மட்டுமே வெற்றி என்றும் 2015-இல் எழுதினார்கள். இடையில் நடந்த முக்கிய மாற்றம், எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம், 2000-க்குப் பிறகு அடிப்படைச் சிகிச்சை மேம்பட்டதால் புதிய மருந்து கூடுதலாகச் சாதிப்பது கடினமாகியிருக்கும். ஆனால் இவ்வளவு பெரிய சரிவை அதனால் மட்டும் விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை: நன்றாகக் கேள்வி கேட்டு, ஒழுங்காக உழைத்து, எதிர்பாராத விடை பெற்ற மாணவரை ஒதுக்கினால், அடுத்த முறை அவர் எண்களை எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி அலசிப் பார்க்கத் தொடங்குவார். நேர்மையானவரை நாமே அப்படிப் பழக்குகிறோம்.

ஆய்வரங்கில் வாசிப்பதே போதும் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே வருவது சுருக்கம்தான். பிற வல்லுநர்கள் வரிக்கு வரி சோதித்தது அல்ல. அதை வைத்து யாரும் சிகிச்சையை மாற்றக் கூடாது, செய்தித்தாள்களும் அதைக் கண்டுபிடிப்பு என்று தலைப்பிடக் கூடாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைகளின் ஆய்வுகளும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் வருவது அங்கே மட்டும்தான். எது வந்தது, எது வரவில்லை என்று கணக்கெடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள். சுருக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குக் கேள்வியும் முறையும் மட்டும் போகட்டும், முடிவுப் பகுதியை மறைத்து அனுப்புங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, மின்னஞ்சல் படிவத்தில் ஒரு மாற்றம் போதும். நெறிமுறைக் குழு அனுமதி அளித்த ஒவ்வோர் ஆய்வின் நிலையையும் அரங்கின் மலரில் பின்னிணைப்பாக அச்சிடுங்கள்: நடக்கிறதா, முடிந்ததா, பாதியில் நின்றதா, நின்றால் ஏன், முடிந்திருந்தால் முடிவு எங்கே கிடைக்கும். அனுமதிப் பட்டியல் ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதுதான் வேலை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்தப் பட்டியல் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெருமை தராது என்று எனக்குத் தெரியும். வெளியிட்டால்தான் குறையும். பரிசுகளில் ஒன்றையாவது முடிவைப் பார்க்காமல், கேள்வியின் கூர்மைக்கும் முறையின் நேர்த்திக்கும் கொடுங்கள். ஆய்வேட்டுக்குக் கையெழுத்திடும் வழிகாட்டி, முடிவைப் பதிவேட்டிலும் ஏற்றியாயிற்று என்று உறுதி சொன்ன பிறகே கையெழுத்திடட்டும்.

இன்னொன்றும் உண்டு, அதுவே எனக்கு முதன்மையானது. இந்த ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் யார்? பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் விடியற்காலை வந்து சீட்டு வாங்கி நிற்பவர்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும்போது நாம் அவர்களிடம் சொல்வது, 'இதனால் உங்களுக்கு நேரடி நன்மை இல்லாமல் போகலாம், பின்னால் வரும் நோயாளிகளுக்குப் பயன்படும்' என்பதுதான். அந்த வாக்கை நம்பி ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து இரத்தம் கொடுக்கிறார்கள். முடிவு நமக்குப் பிடித்தபடி வரவில்லை என்பதற்காக அதை வெளியிடாமல் விட்டால், பின்னால் வரும் எந்த நோயாளிக்கும் அது பயன்படாது. அவர்களிடம் சொன்னது பொய்யாகிவிடும். மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி அறிக்கை 1964-இல் உருவானது. சாதகமான முடிவைப் போலவே எதிரான முடிவையும் வெளியிட வேண்டும் என்பதை 2000-இல் திருத்தியபோது அதில் சேர்த்தார்கள். நம் நெறிமுறைக் குழுக்கள் எல்லாம் அந்த அறிக்கையைத் தங்கள் வழிகாட்டியாகச் சொல்கின்றன. அந்த வரியையும் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு, என்ன கண்டோம் என்பதை அரைப் பக்கத்தில், எளிய தமிழில் எழுதி அனுப்பும் வழக்கமும் அதோடு சேர்ந்து வரட்டும். 'இந்த மருந்து உங்களுக்கு உதவவில்லை என்று தெரிந்துகொண்டோம், அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் உதவினீர்கள்' என்று எழுதினால் எந்த நோயாளியும் வருந்த மாட்டார்.

அடுத்த ஆண்டு ஆய்வரங்குக்குச் சுருக்கங்கள் கேட்டு அறிவிப்பு தயாராகும்போது, துணைவேந்தர்களும் ஆராய்ச்சிப் புலத் தலைவர்களும் அதில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: பலன் தெரியாத ஆய்வுகளும் வரவேற்கப்படுகின்றன, அவை முடிவைப் பாராமல் தேர்ந்தெடுக்கப்படும். மாணவர்களே, மேசை இழுப்பறையில் அப்படியோர் ஆய்வு இருந்தால் அந்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த ஆண்டே எழுதி அனுப்புங்கள்.